பூஜைக்கு வைத்த டிஸ்க்

நம் கம்ப்யூட்டர் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் போனில் என்னைக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “அக்கா, பாட்டு ரெகார்டிங் பண்ற கஸ்டமர். ஒரே மெஷின்ல விண்டோஸும் வேணுமாம், லினக்ஸும் வேணுமாம். என்ன டிஸ்க் போடலாம்?”

அந்த வீட்டில் யார் யார் மெஷினைத் தொடுவார்கள், என்னென்ன பண்டிகை கொண்டாடுவார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். “டிஸ்க் கேட்டா பஞ்சாங்கம் கேக்கறீங்களேக்கா” என்று போன வாரம் ஒரு தங்கச்சி சொன்னது. வேலையை விட்டு நின்றபின் பொழுது போகாமல் பேச்சை வளர்க்கிறேன் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். அப்படி இல்லை. ஏன் கேட்கிறேன் என்பதை ஒருமுறை எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பெட்டி பிரிக்க, தூசி தட்ட என்று கடையில் சேர்ந்து, அப்படியே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொண்டதை நான் பயந்து தெரிந்துகொண்டேன். எதைத் தொட்டாலும், இது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்றுதான் முதலில் தோன்றும். எடமலைப்பட்டி புதூரில் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை வந்து, கேஸை மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். “நீ செத்தாக்கூட சுடுகாட்டுலேர்ந்து எந்திரிச்சு வந்து கேஸைப் பாத்துட்டுப் போவ” என்பார் என் வீட்டுக்காரர்.

இந்தத் தொழிலில் அந்தப் பயம் உதவும். முழுதாக உதவாது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சம்பவம். எனக்கு முன்பே கடையில் சேர்ந்த ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். கை வேகம் அதிகம். லால்குடியிலிருந்து ஒரு போட்டோகிராபர், கல்யாண போட்டோக்கள் இருந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தார். போல்டர் திடீரென்று திறக்கவில்லை. நம்மாள் மெஷினில் மாட்டியதும் திரையில் கேள்வி வந்தது: டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா? அவர் யோசிக்காமல் ஆமாம் என்று தட்டிவிட்டார். அதுவும் சரிசெய்தது. மெஷினைப் பொறுத்தவரை டிஸ்க் நல்ல டிஸ்க் ஆகிவிட்டது. கல்யாணம்தான் காணாமல் போயிருந்தது. பெயரில்லாத துண்டுகளாகக் கொஞ்சம் கிடைத்தன. பாதித் தாலி, பாதிப் பந்தல்.

போட்டோகிராபர் சண்டை போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, “பொண்ணோட அப்பாவுக்கு நான் என்னங்க சொல்லட்டும்?” என்று கேட்டார். அன்றிலிருந்து நம்மாள் கடைக்கு வருகிற எல்லாரிடமும் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார்: “டிஸ்க் உன்னைக் கேள்வி கேட்டா பதில் சொல்லாத. கரண்ட்டைப் பிடுங்கு.” கேலி செய்தவர்கள் உண்டு. நான் செய்யவில்லை. பயந்தவளுக்கு அது வசதியான வேதவாக்காக இருந்தது.

இனி ஸ்ரீரங்கம்.

வடக்குச் சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ரங்கராஜன் சார் வீடு. ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டிலேயே சின்னதாக ஒரு ரெகார்டிங் அறை போட்டிருந்தார். பாடுவது அவர் மனைவி வேதவல்லி மாமி. பாசுரங்களுக்குத் தானே மெட்டமைத்துப் பாடுவார்கள். சாருக்குக் கூட்டாளி ஆரோக்கியராஜ் என்று பாலக்கரைப் பையன். கல்லூரி ஒன்றில் லேப் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு. ஆரோக்கியராஜுக்கு லினக்ஸில்தான் கை ஓடும். சாருக்கு விண்டோஸை விட்டால் வேறு தெரியாது. மைக்கும் அறையும் பொது. ஆகவே மெஷினும் பொது. காலையில் பாசுரம், சாயங்காலம் மாதா பாட்டு.

டிஸ்க் விஷயத்தில் சாரும் அவனும் நானும் ஒத்துப்போகவில்லை.

“ஒரே ஒரு பெரிய எஸ்.எஸ்.டி. போதும்க்கா. ரெண்டாப் பிரிச்சுக்கலாம்” என்றான் ஆரோக்கியராஜ்.

“ஒரே வீட்ல ரெண்டு குடித்தனம் வெக்கறப்ப அடுப்பாவது தனித்தனியா இருக்கணும் தம்பி” என்றேன். ஒன்று படுத்தால் இரண்டும் படுத்துவிடும். ஒன்று தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது மற்றதன் வாசலை அடைத்துவிட்டுப் போகும். விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி., அதாவது உள்ளே எதுவும் சுற்றாத டிஸ்க், லினக்ஸுக்கு ஒன்று என்று முடிவானது. பாடியதை எல்லாம் வைக்கிற மூன்றாவது டிஸ்க்கில்தான் சண்டை. அதற்கு நான் பழைய மாதிரி சுற்றுகிற ஹார்டு டிஸ்க்தான் வேண்டும் என்றேன்.

சார் பதறிவிட்டார். “சுத்தற சத்தம் மைக்ல விழும்மா! நான் ஃபேனையே நிறுத்திட்டு வேர்த்துக் கொட்டிண்டு ரெகார்ட் பண்றேன். நீங்க என்னடான்னா உள்ளயே ஒரு ஃபேனைக் கொண்டுவந்து வெக்கறேங்கறேள்.”

அவர் சொன்னது நியாயம். என் காரணத்தைச் சொன்னேன். எஸ்.எஸ்.டி.யில் ஒன்றை இழந்தால் பெரும்பாலும் இழந்ததுதான். இந்த இடம் இனி வேண்டாம் என்று தெரிந்ததும் அதுவே துடைத்து வைத்துவிடும். சுற்றுகிற டிஸ்க் சோம்பேறி. மேலே வேறொன்றை எழுதுகிறவரை பழையது அப்படியே கிடக்கும். எனக்கு அந்தச் சோம்பேறித்தனம் வேண்டும்.

இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் சமையலறையிலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்துகொண்டே இருந்தது. மாமி ஏதோ ராகத்தை இழுத்துக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சார் அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினார். “வேதா, டெஸ்ட் பண்ணிண்டிருக்கோம். செத்த வாயை மூடிக்கோயேன்.”

“வாய் மூடித்தான்னா இருக்கு. மூக்கால வர்றது” என்று பதில் வந்தது.

டிஸ்க் சண்டையைத் தீர்த்ததும் மாமிதான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “அதைத் தூக்கி ஸ்டோர் ரூம்ல அரிசி டின்னுக்குப் பக்கத்துல வெச்சுடுங்கோ. ரெண்டுத்துலயும் பூச்சி வராம பாத்துக்கணும், ஒரேயடியா பாத்துக்கறேன்” என்றார்கள். அப்படியே செய்தோம். வென்டிலேட்டர் வழியாக ஒயரை இழுத்து, ஸ்க்ரீனும் கீபோர்டும் மட்டும் ரெகார்டிங் அறையில். டிஸ்க் சத்தம் அரிசி டின்னோடு நின்றுவிட்டது.

இன்னும் இரண்டு ஏற்பாடு செய்தேன். வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைக்க வெளியே மாட்டுகிற ஒரு டிஸ்க். இன்னொன்று, விண்டோஸில் ‘தூங்கப் போடுகிற’ வசதியை நிறுத்திவைத்தேன். திறந்திருக்கிற வேலையை அப்படியே நினைவில் முடிந்துவைத்துக்கொண்டு மெஷின் அணைந்துவிடும், மறுபடி போட்டால் விட்ட இடத்தில் எழும், அந்த வசதியைத்தான் சொல்கிறேன். தனியாள் மெஷினுக்கு அது நல்லது. இரண்டு சிஸ்டம் ஒரு டிஸ்க்கைப் பங்கு போடுகிற இடத்தில் ஆபத்து. விண்டோஸ் டிஸ்க்கின் வரைபடத்தை மனசில் வைத்துக்கொண்டு தூங்கும். நடுவில் லினக்ஸ் வந்து சாமான்களை இடம் மாற்றிவைக்கும். விண்டோஸ் எழுந்து பழைய வரைபடத்தைப் பார்த்தே நடக்கும். “ஒருத்தர் முழுசா எந்திரிச்சுப் போனப்புறம்தான் இன்னொருத்தர் உக்காரணும்” என்று இருவரிடமும் சொன்னேன். தலையாட்டினார்கள்.

நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் சார் போன் செய்தார்.

“டிஸ்க்ல இன்னும் எவ்வளவு இடம் இருக்குன்னு எப்படிம்மா பாக்கறது?”

சொன்னேன். எதற்கு என்று கேட்டேன்.

“வேதாவுக்கு தைராய்டுல கட்டி. எடுத்தே ஆகணுங்கறா. குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடறதாம். பேச்சு வந்துடும், மேல் ஸ்தாயி வருமான்னு சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர்.” பிறகு டிஸ்க்குக்கே திரும்பினார். “அதுக்குள்ள இருக்கறதையெல்லாம் பாடி வெச்சுடறேங்கறா. இடம் போறுமா பாருங்கோ.”

இடம் போதும் என்றேன். அன்று கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. வாடிக்கையாளர் கொடுப்பது மெஷின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஸ்க்ரூ திருகவே கை வராது.

நவராத்திரி முழுக்க மாமி பாடினார்கள். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் கொலுவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். போனபோது கடைசிப் பாட்டு ரெகார்டிங் நடந்துகொண்டிருந்தது. நீளமான பாட்டு; மாமி சொந்தமாக மெட்டுப்போட்டு, பாடத் துணிவு வராமல் பல வருஷம் வைத்திருந்ததாம். கதவோரம் உட்கார்ந்து கேட்டேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. நடுவில் ஓரிடத்தில் குரல் மேலே போய் அங்கேயே நின்றது. விழுந்துவிடப் போகிறதே என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை.

“இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?” என்றார் சார்.

“போறும்னா. இதுக்கு மேல எனக்கு வராது.”

நான் முதலில் கேட்டது, பிரதி எடுத்தாயிற்றா என்று. சார் கொலுப்பக்கம் கையைக் காட்டினார். படியின் கீழே புத்தகங்கள், சுருதிப் பெட்டி, தாளம், அவற்றின் மேல் அந்த வெளி டிஸ்க், எல்லாம் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூச்சாத்தியிருந்தது. பூஜைக்கு அடுக்கியாகிவிட்டது.

“சார், அதை மட்டும் எடுத்துக் குடுங்க. ஒரு நிமிஷம்.”

“அடுக்கினதைக் கலைக்கறதாவது! நாளன்னிக்குக் காத்தால மறுபூஜை ஆனதும் மொதக் காரியமா எடுத்துடறேன்.”

“சார், இந்தப் பாட்டு வேற எங்கயும் இல்ல.”

“ஒரு நாள்ல என்னம்மா ஆயிடப்போறது?” என்று மாமி வெற்றிலைப் பாக்கைக் கையில் வைத்தார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதற்குமேல் பேச முடியவில்லை. காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு டிஸ்க் ஒன்றை நாளைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று தோன்றியது. பூஜையன்று மெஷினைத் தொடவிட மாட்டார்கள் என்பதும் கூடவே தோன்றியது.

அன்று இரவும் மறுநாளும் நடந்ததை எல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்பது போலவே, விஜயதசமி காலையில் வைத்ததை எடுத்து ஒரு வரியாவது படிக்க வேண்டும், வாத்தியமானால் கொஞ்சமாவது வாசிக்க வேண்டும் என்பதும் வழக்கம். சாருக்கு, அன்று மெஷினைப் போட்டதும் மாமியின் அந்தப் பாட்டே எதிரில் வந்து நிற்க வேண்டும் என்று ஆசை. வீடியோ ஏதோ பார்த்து, நான் நிறுத்தியிருந்த வசதியைத் திரும்ப உயிர்ப்பித்து, பாட்டு திறந்திருக்கும்போதே மெஷினைத் தூங்கப் போட்டுவிட்டார். “புஸ்தகத்தை மூடி வெச்சாலும் அடையாளம் வெச்சுத்தானே மூடுவோம், அந்த மாதிரின்னு நெனச்சேம்மா” என்றார் என்னிடம். கேபினெட்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்.

பூஜையன்று காலை ஆரோக்கியராஜ் வந்தான். அது மாதாவுக்கு ஜெபமாலை சொல்லும் மாதம். சர்ச் பிள்ளைகள் பாடிய பாட்டை அன்றைக்கே முடித்துக் கொடுக்க வேண்டும். பூஜை என்பது வாசலுக்கு வந்தபிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. சார் கோயிலுக்குப் போயிருந்தார். அவன் திரும்பிப் போகப் பார்த்தான். மாமிதான் விடவில்லை.

“நாங்கதான் தொடக்கூடாது. ஒங்களுக்கு என்ன? கொழந்தைகள் பாடினது. உள்ள போய்ப் போட்டுக்கோங்கோ.”

“சார் ஏதாவது சொல்லப் போறாரு மாமி.”

“மாதா கோவிச்சுண்டா அவர் சமாதானம் சொல்லுவாரா? போங்கோ.”

அவன் கவனமில்லாத பையன் இல்லை. மெஷின் அணைந்திருக்கிறதா என்று ஸ்டோர் ரூமுக்கே போய்ப் பார்த்திருக்கிறான். விளக்கு இல்லை, விசிறி சுற்றவில்லை. லினக்ஸைப் போட்டான். பொது டிஸ்க் சரியாக மூடப்படவில்லை, பார்க்க மட்டும் விடுவேன் என்று அது சொன்னது. கரண்ட் போய் வந்தால் அப்படி வருவதை அவன் முன்பே பார்த்திருக்கிறான். சர்ச்சில் காத்திருக்கிறார்கள். வற்புறுத்தித் திறந்தான். வேலையை முடித்து, பிள்ளைகளின் பாட்டைச் சேமித்தான். ஒழுங்காக அணைத்துவிட்டு, மாமி கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு போனான்.

மதியம் மாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் மறுநாள். விஜயதசமி, நல்ல நாள் என்று அதில் ஒரு நிம்மதிகூட இருந்ததாம்.

மறுநாள் காலை என் போன் அடித்தது.

“அம்மா, மறுபூஜை பண்ணிட்டு வரேன்னு வேதா கிட்ட சொல்லிட்டு ஆத்துக்கு வந்தேன். பாட்டு வந்தது. அப்புறம் ஏதோ எழுதிண்டே இருந்தது. இப்ப போல்டரே இல்லை. டிஸ்க்ல கோளாறு, சரி பண்ணட்டுமான்னு கேக்கறது. ஆமான்னு சொல்லிடட்டுமா?”

லால்குடிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது அப்படியே கண்ணுக்கு வந்தது.

“எதையும் தொடாதீங்க சார். ஸ்டோர் ரூமுக்குப் போயி பிளக்கைப் பிடுங்குங்க.”

“இன்னிக்கா? விஜயதசமிம்மா. தொறந்ததை அணைக்கறதா? இன்னும் செத்த நாழியில அவளை உள்ள கூட்டிண்டு போகப்போறா.”

“சார், நான் அணைக்கச் சொல்லல. பிளக்கைப் பிடுங்கச் சொல்றேன்.”

இதிலே என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு வித்தியாசம் தேவைப்பட்டது. காலடிச் சத்தம் கேட்டது. அரிசி டின் மூடி எதிலோ இடித்தது. “பிடுங்கிட்டேன்” என்றார்.

நான் போவதற்குள் அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. நான் கேபினெட்டைத் திறந்துகொண்டிருக்கும்போது ஆரோக்கியராஜ் ஓடி வந்தான். சார் போனில் சொல்லியிருக்கிறார். முதல்நாள் தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே புரிந்துவிட்டது.

“ஒரே ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துடலாம்க்கா. லினக்ஸ்ல தெரியுதான்னு மட்டும். ப்ளீஸ்க்கா.”

“வேண்டாம் தம்பி.”

“பாத்தா என்னக்கா ஆயிடும்?”

“என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது. அதனாலதான் வேண்டாங்கறேன்.”

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். முதலில் அதை ஒட்டுமொத்தமாக, நல்லது கெட்டது பார்க்காமல் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். என்ன செய்தாலும் நகலில்தான். அது முடிய நேரமாகும். அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளே, இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை அதுதான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஏதாவது செய்துகொண்டிருந்தால் பயம் தெரியாது. அதற்காகவே ஆட்கள் ஏதாவது செய்து கெடுக்கிறார்கள்.

நடுவில் சார் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்.

“ஏதாவது தெரிஞ்சுதா?”

“இன்னும் இல்ல சார். மாமி?”

“இன்னும் உள்ளதான் இருக்கா.”

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

கடைசி நாளுக்கு முன்புவரை பாடியவை எல்லாம் பூஜையில் இருந்த வெளி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. கடைசி நாள் பாடியதுதான் கேள்வி. நகலிலிருந்து பெயரில்லாத துண்டுகளாகப் பல வந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. ஆரோக்கியராஜ் லீவு போட்டுவிட்டுக் கூடவே உட்கார்ந்தான். சுருதி தனியாகப் பதிந்தது முழுதாகக் கிடைத்தது. பிறகு மாமியின் குரல் கிடைத்தது. அந்தப் பாட்டேதான். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது. குரல் மேலே ஏறுகிற இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் மாமி இல்லை. வேறு குரல்கள் வந்தன. கனத்து, இழுத்து, தூக்கத்தில் பலர் சேர்ந்து முனகுவது போல. ஆரோக்கியராஜ் கையை எடுத்துக்கொண்டான்.

“அது எங்க பிள்ளைங்கக்கா.”

நடந்தது இவ்வளவுதான். அந்தப் பாட்டு டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பில் ஒரு பகுதி தூங்கிய விண்டோஸின் மனசிலேயே இருந்துவிட்டது, டிஸ்க்கில் இறங்கவில்லை. லினக்ஸின் கண்ணுக்கு அந்த இடம் காலி. காலி இடத்தில் பிள்ளைகளின் பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. அது இரண்டு தடத்தில் பதிந்தது, மாமியுடையது ஒரே தடம். இரண்டு தடத்தை ஒரே தடமாக வாசித்ததால்தான் பாதி வேகத்தில், ஆண் குரல் போல் ஒலித்தது. சோம்பேறி டிஸ்க்கிலும், மேலே எழுதியதற்கு மருந்து கிடையாது. பிள்ளைகள் முடித்த இடத்தில் மாமியின் குரல் மறுபடி கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. மேலே போய் நின்றது மட்டும் இல்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை. குரல் வரக் கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். நாட்கள் போயின. பேச்சு வந்தது. தாழ்ந்த, காற்று கலந்த பேச்சு. அதற்குமேல் வரவில்லை.

பாட்டு என்ன ஆயிற்று என்று மாமியே கேட்ட பிறகுதான் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னோம். அன்று என்னையும் வரச்சொன்னார் சார். கண்டுபிடித்ததை அப்படியே போட்டோம். பிள்ளைகளின் இழுவைக் குரல் வந்து போயிற்று. முடிந்ததும் ஆரோக்கியராஜ் தலையைத் தூக்கவில்லை.

“எங்கைதான் மாமி கெடுத்திருச்சு.”

“தூங்கப்போட்டது நானாக்கும்” என்றார் சார்.

“போட்டுக்கோங்கோன்னு உள்ள அனுப்பினது நான்தானே” என்று மாமி அந்தக் காற்றுக் குரலில் சொன்னார்கள். “ஆளாளுக்கு அடிச்சுக்காதீங்கோ.”

ஆரோக்கியராஜ் ஒரு வழி சொன்னான். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே ஒருவர் குரலைக் கற்றுக்கொண்டு பாடிக் கொடுக்கும். மாமியின் பழைய பாட்டெல்லாம் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் நிரப்பிவிடலாம், யாருக்கும் தெரியாது.

மாமி கொஞ்சம் யோசித்தார்கள். “எனக்கும் தெரியாமப் போயிடும். நான் அங்க போனேனா, அது போச்சான்னு. வேண்டாம்.”

“அப்ப அந்த எடத்துல என்ன வெக்கறது?” என்றார் சார்.

“சுருதி இருக்கே. அது போயிண்டு இருக்கட்டும்.”

பிள்ளைகளின் குரலை எடுத்துவிட்டு, வெறும் சுருதியோடு ஒருமுறை போட்டுக்காட்டினான். மாமி குரல் ஏறி வந்தது, நின்றது, சுருதி மட்டும் போனது. மாமியின் வாய் திறந்து அந்த வரியைப் பாடியது. கழுத்தில் தழும்பு அசைந்தது. சத்தம் வரவில்லை. சார் எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டார். அரிசி டின்னை எதற்கோ திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

ஆரோக்கியராஜ் பிறகு அந்த வீட்டுக்கு ரெகார்டிங்குக்கு வருவதில்லை. தீபாவளி, கிறிஸ்துமஸ் என்றால் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். வா என்று மாமி எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டு சிஸ்டமானால் இரண்டு எஸ்.எஸ்.டி. பதிவுகளுக்குத் தனி டிஸ்க்; சத்தம் கேட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் வையுங்கள். முடிந்தால் ஆளுக்கொரு பதிவு டிஸ்க்காகப் பிரித்துவிடுங்கள், ஒருவருடையது மற்றவர் சிஸ்டத்துக்குத் தெரியவே வேண்டாம். சார் வீட்டில் இப்போது அப்படித்தான் பிரித்திருக்கிறேன், பிரித்துக்கொள்ள இன்னொருவர் இல்லாவிட்டாலும். இவையெல்லாம் எந்தக் கடையிலும் சொல்வார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு. எந்த நாளில் மெஷினைத் தொட மாட்டார்கள்? அன்று வேறு யார் தொடுவார்கள்? பிரதி எடுக்கிற டிஸ்க் அன்று எங்கே இருக்கும்? இதில் திரும்பப் பதிய முடியாதது எது? கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கேட்டதால் எல்லாம் தப்பிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். அன்று நானும்தான் எச்சரித்தேன், எச்சரித்துவிட்டு வெற்றிலைப் பாக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் சார் போன் செய்தார்.

“அம்மா, ஷட்டவுன் பண்ணிட்டேன். தூங்கலை, முழுசா.”

“வெளி டிஸ்க்ல எடுத்துட்டீங்களா?”

“எடுத்துட்டு அப்புறம்தான் அடுக்கினேன்.”

“மாமி எங்க சார்?”

“சமையல் உள்ள. சுண்டலுக்குப் போட்டுண்டிருக்கா.”

குக்கர் விசில் அடித்தது. கரண்டி பாத்திரத்தில் இடித்தது. குழாய் திறந்து மூடியது. இவற்றுக்கு நடுவே பழைய முணுமுணுப்பு வருகிறதா என்று நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அம்மா? லைன்ல இருக்கேளா?”

“இருக்கேன் சார். பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?”